வாய்ஸ் போடாதீங்க

மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சௌந்தர்யாவை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார் முருகானந்தம்.

குழுவின் பெயர் 'காவிரித் தண்ணி'. ராசிபுரத்தை ஒட்டிய அந்தக் காலனிக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். டேங்கில் வால்வு திறக்கும் சென்றாயனும் குழுவில் இருந்தார். திறந்ததும் ஒரு குழாய்ப் படம் போடுவார். எந்த வீதிக்கு வரவில்லையோ அந்த வீதிக்காரர்கள் எழுதிப் போட வேண்டும். அவரும் இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுவார்.

யாரும் போனில் கூப்பிடக் கூடாது, எழுத்தில்தான் போட வேண்டும் என்பது முருகானந்தம் வைத்த சட்டம். பேச்சுக்கு என்ன சாட்சி? எழுத்து என்றால் நிற்கும்.

எல்லோரும் அதன்படி நடந்தார்கள். சௌந்தர்யா மட்டும் ஒவ்வொரு தடவையும் மைக்கை அழுத்திப் பேசினாள். அதுவும் புதிதாக ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எழுதிப் போட்டதையே திரும்ப வாயால் சொல்லுவாள்.

"மூணாவது வீதிக்கு வரலீங்க. அஞ்சாவது வீதிக்கு நூலாட்ட வருதுங்க."

அம்மா வீட்டுக்குப் போயிருந்தாலும் விடமாட்டாள். ஆத்தூரில் உட்கார்ந்துகொண்டு நம்ம வீதிக்குத் தண்ணி வரலை என்கிறாளே என்று குழுவிலிருந்த ஜெயப்பிரியா சிரித்தாள். வீட்டிலிருந்தே சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள், நாளெல்லாம் கீபோர்டைத் தட்டுகிறவள், நாலு எழுத்து அடிக்க விரல் தேய்ந்துவிடுமா என்றார் பக்கத்து வீதிப் பூபதி. தன் ஜவுளிக்கடையில் ஆள் இருக்கும்போது போனைத் தொட்டால் இவள் குரல் கத்துகிறது என்பது முருகானந்தத்தின் கோபம்.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "பழகிப் போச்சுங்க" என்றாள்.

நீக்கியதும் ஆத்தூரிலிருந்து அவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. 'இனிமே சென்றாயண்ணனுக்குப் போன் போட்டே சொல்லிருங்கண்ணா.'

'சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்' என்று பதில் எழுதிவிட்டுக் கடையைத் திறந்தார்.

வியாழக்கிழமை காலை குழாய்ப் படம் வந்தது. கடைசி வீதியில் ஒரு சொட்டு வரவில்லை. பதினோரு பேர் எழுதினார்கள். சென்றாயன் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக்கும் விழுந்தது. டிக் விழுந்த பத்தாவது நிமிஷம் வால்வை மூடிவிட்டார்.

குழு கொதித்தது. பார்த்துவிட்டுத்தானே மூடியிருக்கிறார், எவ்வளவு திமிர் என்றார்கள். முருகானந்தம் கடையிலேயே மனு அடித்தார். கடைசி வீதிக்குத் தண்ணீர் விடவில்லை, மெசேஜைப் பார்த்தும் அலட்சியம், ஆகவே சென்றாயனை வேலையிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஆள் போட வேண்டும். பதினோரு மெசேஜையும் பிரிண்ட் எடுத்து இணைத்தார்.

ஆனாலும் முதுகுக்குப் பின்னால் குத்துகிற ஆள் இல்லை அவர். மனுவை எடுத்துக்கொண்டு நேராக டேங்குக்குப் போனார்.

"படிச்சுப் பாருங்க. சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுக்கப் போறேன்."

சென்றாயன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிரிண்ட் எடுத்த தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சாமி. பழைய மோட்டார் தண்ணி இழுக்க மாட்டேங்குது, இப்படி எழுதிக் குடுத்தாத்தான் புது மோட்டார் வரும்."

"நக்கலுங்களா?"

"அய்யோ, நக்கலெல்லாம் இல்லீங்க." சென்றாயன் மனுவைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்தார். "ஏனுங்க, சௌந்தர்யா பாப்பா எங்கீங்க? இன்னைக்குப் பேசவே இல்லியே. பாப்பா ஒண்ணுஞ் சொல்லலியே, சரி, எல்லா ஊட்டுக்கும் வந்துருச்சாட்ட இருக்குதுன்னு மூடிட்டனுங்க."

முருகானந்தம் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். கடைசி வீதிக்குத் தண்ணீர் வரவில்லை என்பதுதான் அதன் முதல் வரி.

அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கடைசி வீதிக்கு வரலீங்கண்ணா. மறுபடி கொஞ்ச நேரம் திறந்து விடுங்க."

"அடடா, இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்று சென்றாயன் வால்வுக்கு ஓடினார்.

சாயங்காலம் ஆபீசுக்கு மனு போனது. புது மோட்டார் வேண்டும் என்று கேட்ட மனு. சௌந்தர்யா மறுபடி குழுவுக்குள் வந்தாள். ஏன் என்று பூபதி எழுதிக் கேட்டார். முருகானந்தம் போனைக் கல்லாவில் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனார்.

திங்கட்கிழமை குழாய்ப் படம் வந்தபோது சௌந்தர்யா கம்பெனி மீட்டிங்கில் இருந்தாள். மூன்றாவது வீதிக்கு வரவில்லை என்று நாலு பேர் எழுதினார்கள். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது.

"சென்றாயண்ணா, மூணாவது வீதிக்கு வரலீங்க."

ஜவுளிக்கடைச் சத்தத்துக்கு நடுவே, முருகானந்தத்தின் குரல்.

ஜெயப்பிரியா விடவில்லை. 'என்னங்கண்ணா, சட்டம் போட்டவரே வாய்ஸ் போடறீங்க? உங்களுக்குமா நாலு எழுத்து அடிக்கச் சோம்பல்?'

அதற்கும் மைக்கை அழுத்தித்தான் பதில் சொன்னார்.

"ஆமா புள்ள. பழகிப் போச்சு."