அத்தை மகன் சம்மதம்

"தட்டுல கை வைக்காதே, தம்பி."

விறகுக் கட்டைப் பாதி வழியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்த கருப்பாயிக்கு மூச்சு முட்டியது. தோட்டத்து லய வரிசையில் தம்பி மூக்கையாவின் ஒற்றை அறைக் காம்பராவில் பாய் விரித்து, நடுவில் வெற்றிலைத் தட்டு வைத்து, சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவளுக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

"வாங்க மதினி," என்றாள் தம்பி பெண்டாட்டி ராக்காயி. "எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டீங்க."

"வெள்ளையம்மாவை யாருக்குப் பேசுறீங்க?"

"என் தம்பி சடையனுக்குத்தான். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மகளை வெளியிலயா குடுப்பேன்?"

அடுப்படி மறைவில் நின்ற வெள்ளையம்மாவுக்குப் பதினாறு வயது. அத்தையைப் பார்த்ததும் கண் கலங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் மூக்கையா. வேற இடம் பாரு."

"எங்க பாக்கச் சொல்றே அக்கா? தூரத் தோட்டத்துல குடுத்தா, அவ செத்தாக்கூட நமக்குச் சேதி வராது. கடல் தாண்டி வந்து இந்த ரப்பர் மலையில கிடக்கிறோம். நம்ம ரத்தத்தை விட்டா நமக்கு யாரு?"

"அந்த ரத்தம்தான்டா வேணாங்கிறேன். நானும் தாய்மாமனைத்தான் கட்டினேன். என் மூத்தவளுக்குக் காது கேக்கலை, வளருமுன்னே போயிட்டா. அடுத்தவனுக்குக் கடைசி வரைக்கும் தலை நிக்கலை. மூணாவது நாப்பது நாள்கூடத் தாங்கலை. அன்னைக்குக் கேகாலை ஆஸ்பத்திரியில இருந்து வந்த டாக்டர் என்ன சொன்னாரு? தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளேயே கட்டுறீங்க, அதனாலதான்னு சொல்லலையா?"

"சிங்கள டாக்டருக்கு நம்ம முறை என்ன தெரியும்?" என்றான் சடையன், வெற்றிலையை மென்றபடி.

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கருப்பாயி சுவரைப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளையும் புதைத்த மேட்டில் பிற்பாடு தோட்டத்துத் துரை ரப்பர் மரம் நட்டுவிட்டார். இப்போது அந்த மர நிரையில் பட்டையைக் கீறிப் பால் வெட்டுவது அவள்தான். அந்த மரங்களிடம் வந்ததும் கத்தியைக் கொஞ்சம் லேசாகப் பிடிப்பாள். புருஷன் ஒருவனுக்குத்தான் அது தெரியும். அவனும் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம். அதற்கப்புறம் எதையும் பகிர்ந்துகொள்ள அவளுக்கு ஆளில்லை.

"மதினி மனசு எனக்குத் தெரியாதா?" ராக்காயி சிரித்தாள். "தன் மகனுக்குக் கேக்கணும். வாய் வரலை. அதான் டாக்டரைத் துணைக்குக் கூப்பிடுறாங்க."

"என் மகனுக்கும் வேணாம். இந்தப் பிள்ளை வெளியில போயிப் பொழைக்கட்டும்."

"மகன் பேச்சு வந்துட்டதால கேக்கிறேன். மூணு போச்சு, சரி. அது அதுங்க எழுத்து. நாலாவது? இந்தா உக்காந்திருக்கானே பழனிமுத்து, இவனும் நீங்க தாய்மாமனைக் கட்டிப் பெத்த பிள்ளைதானே? பங்களாவுக்கு வந்த இரும்புப் பெட்டியை ஒத்தையாளாத் தூக்கிட்டுப் போனவன். காது கேக்கலையா? தலை நிக்கலையா?"

காம்பரா முழுக்கச் சிரிப்பு. அதுவரை தட்டை மாற்றத் தயங்கிக்கொண்டிருந்த மூக்கையாவின் முகமும் தெளிந்தது.

"அதானே அக்கா. சாட்சிக்கு உன் மகன் ஒருத்தன் போதாதா?"

கருப்பாயி மகனைப் பார்த்தாள். பிறகு அடுப்படி மறைவைப் பார்த்தாள்.

"நேரம் போவுது. பழனிமுத்து, வாப்பா," என்றான் மூக்கையா.

அத்தை மகனுக்குத்தான் முதல் உரிமை. அவன் தட்டைத் தொட்டு 'விட்டுக் கொடுத்தேன்' என்று சொன்னால்தான் பெண் இன்னொருத்தனுக்கு. அது அவர்கள் வழக்கம்.

பழனிமுத்து எழுந்து அம்மாவின் அருகில் வந்தான். "விடுங்கம்மா. போனதையே நினைச்சுக்கிட்டு எல்லாருக்கும் பயம் காட்டாதீங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்? உங்களுக்கு நான் இருக்கேன்ல?"

அவன் தட்டை நோக்கிக் குனிந்தான்.

"அத்தை..." வெள்ளையம்மாவின் உதடு மட்டும் அசைந்தது.

கருப்பாயி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தொடாதே, அய்யா. உனக்கு ஏது உரிமை, விட்டுக் கொடுக்க?"

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் பெத்தது நாலு. நாலும் மண்ணுக்குள்ள."

மூக்கையா மெல்லத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவள் மகனின் கையை விடவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"நாலாவதைப் பிரசவத்துக்கு ஊருக்குப் போயி, அங்க பெத்துத் தூக்கிட்டு வந்தேன். கப்பலுக்குக் காத்துக் கிடந்த முகாம்லயே அது கண்ணை மூடிருச்சு. பக்கத்துப் பாயில வாந்திபேதியில செத்துக் கிடந்தவ மாருல ஒரு பிள்ளை பால் தேடிக்கிட்டு இருந்துச்சு. அது நீதான்யா. உன் உடம்புல எங்க ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை."