அடியில் இருக்கும் கோப்பு

ஒப்புதல் பெற்ற திட்டங்களின் கோப்புகளை அந்த நிதி அலுவலகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்தார்கள். நிதி வரும்போது மேலே இருப்பதை எடுப்பார்கள். ஒன்றை எடுப்பதற்குள் பத்து வந்து சேரும். அடுக்கு வளர்ந்து, ஒருநாள் விரிசல் விட்ட உத்திரத்தை முட்டித் தாங்கத் தொடங்கியது. அதன்பின் அதிலிருந்து எதையும் எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பக்கத்திலேயே புதிய அடுக்கு ஒன்றை ஆரம்பித்தார்கள்.

பூங்காவனத்தின் கோப்பு பழைய அடுக்கின் அடியில் இருந்தது. அவள் ஊர்ப் பிள்ளைகள் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போனார்கள். அவள் கேட்டது ஒரு நடைபாலம்.

“உங்க பாலம் எப்பவோ பாஸ் ஆயிடுச்சும்மா. இப்ப உருவினா மாடி மொத்தமும் நம்ம தலையிலதான் விழும்,” என்றார் எழுத்தர் இருதயராஜ்.

“ஒம்போது வருசமா இதையேதான் சொல்றீங்க. போன வாரம் ரெண்டு புள்ளைங்கள ஆறு கொண்டுபோயிடுச்சு சார்.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறி, உத்திரத்துக்குத் தோளைக் கொடுத்தாள்.

“நான் தாங்கிக்கிறேன். நீங்க உருவுங்க.”

கோப்பு வந்தது. அடுக்கு சரிந்து தரையெங்கும் பரவியது. இருதயராஜ் தூசியைத் தட்டிக்கொண்டே மாடிக்கு ஓடினார். கடைசிக் கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். மூடிய கதவுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் இருதயராஜ் உட்கார்ந்தார். அவர் காலுக்கடியில் தரை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஆச்சா சார்?” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கதவுக்கு உள்ளே இன்னொரு சுற்றுத் தேநீர் கேட்டார்கள்.