ஒரு வரிக்கு ஒன்பது நாள்

"இன்னைக்கும் முடியாதுன்னுட்டாரா?"

"முடியாதுன்னு சொல்லலை மேடம். 'இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்'னார்." மென்பொருள் சோதனைப் பிரிவுப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஒன்பது நாளா அதே பல்லவிதான்."

டீம் லீடருக்குச் சுரீரென்றது.

பரிசோதனைக் கூடங்கள் அனுப்பும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிரித்து, உரிய நோயாளியின் போனுக்கும் டாக்டருக்கும் சேர்ப்பதுதான் அவர்கள் அலுவலகத்தின் வேலை. எல்லாம் கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஓடுகிறது. அந்தக் கிளவுட் சேவைக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. அவர்களுடைய மென்பொருளில் ஒரு வெளியீடு முடிந்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கிற இரண்டு வாரத்தில், பழசை நிறுத்திப் புதுசுக்கு மாறிவிட வேண்டும்.

நாற்பது புரோகிராம்களில் முப்பத்தொன்பது மாறியாயிற்று. மிச்சம் ஒன்று, சீனியர் இன்ஜினியரிடம் சிக்கிக்கொண்டு கிடந்தது. எதையும் லேசில் விடமாட்டார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'பிரேக் அண்ணா' என்று பெயர்.

"புதுசைக் கண்டா பயமா இருக்கும் மேடம். வயசாயிடுச்சில்ல?" என்றான் எதிர் மேசைக்காரன்.

"பயந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்காம உட்கார்ந்திருப்பாரா?" என்றாள் சோதனைப் பிரிவுப் பெண். "பழைய வருஷத்து ஃபைலா எதையோ நோண்டிக்கிட்டிருக்கார். நான் பக்கத்துல போனா திரையை மறைச்சிடறார்."

பழைய ஃபைலா? அதில் இவருக்கு என்ன வேலை? டீம் லீடருக்கு மண்டை குடைந்தது.

அதற்குள் டைரக்டரிடமிருந்து போன். "நாளைக்குள்ள முடியுமா முடியாதா? முடியாதுன்னா காரணத்தை எழுதி அனுப்புங்க. யாரால தாமதம்னு பேரோட."

மெயிலைத் திறந்தாள். பிரேக் அண்ணாவின் பெயரைக் கோபத்தோடு தட்டினாள். 'காரணம்' என்று போட்டதும் கை நின்றுவிட்டது. உண்மையிலேயே என்னதான் காரணம்?

அந்தப் புரோகிராமில் யார் எப்போது கை வைத்தார்கள் என்ற பதிவைத் திறந்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

அவர் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார். அதுவும் முதல் நாள் காலை பதினோரு மணிக்கே. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நேரே அவர் மேசைக்குப் போனாள்.

"அண்ணா, ஒரு வரி. முதல் நாளே போட்டாச்சு. அப்புறம் ஒன்பது நாளா என்ன பண்றீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"ஒண்ணுமில்லம்மா. பரிசோதனைக் கூடம் 3-7னு தேதி அனுப்பினா, அது மார்ச் ஏழா, ஜூலை மூணா? எப்படிப் படிக்கணும்னு புரோகிராம்ல ஒரு வரி சொல்லியிருக்கணும். இதுல சொல்லலை. பழைய பதிப்பு தானா ஊகிச்சுக்கிட்டு ஓடிச்சு. புதுசு ஊகிக்காது, நின்னுடும்."

"அதான் சரி பண்ணிட்டீங்களே!"

"இனிமே வர்றதுக்குச் சரி. நாலு வருஷமா போனது? பழசு எங்கயாவது தப்பா ஊகிச்சிருந்தா, ஒருத்தருக்குப் பழைய முடிவு புது முடிவுன்னு போயிருக்கும். டாக்டர் அதை நம்பி மருந்து கொடுத்திருப்பார்."

"அப்படி எத்தனை?" என்றாள்.

"சந்தேகப்படும்படியா ஆயிரத்து எண்ணூறு இருந்துது. ஒவ்வொண்ணையும் கூடம் அனுப்பின மூலத்தோட வெச்சுக் கண்ணாலதான் பாக்கணும்."

"இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட சொல்ல வேண்டாமா? நாலு பேரைப் போட்டிருப்பேனே!" குரல் உயர்ந்தது. எதிர் மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "முதல்ல இதை யார் எழுதினது? உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல இப்படியா அசட்டையா இருக்கறது? அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவெச்சுக் கேக்கணும்!"

திரையில் திறந்திருந்த பதிவை மூட அவர் கை மெல்ல மவுஸுக்குப் போனது.

"மூடாதீங்க. இருங்க."

அவளே பதிவை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். முதல் பக்கம் வந்தது.

எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

பக்கத்தில் தேதி. நாலு வருஷத்துக்கு முன்னால், அம்மா ஐசியூவில் கிடந்த வாரம். வாசலில் போட்டிருந்த பெஞ்சில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அடித்த புரோகிராம். நாலாம் நாள் அம்மா போய்விட்டாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா... என்னால யாருக்காவது..."

"ஆயிரத்து எண்ணூறும் பாத்தாச்சும்மா. கடைசி ஃபைல் இப்பதான் முடிஞ்சுது. ஒண்ணுகூடத் தப்பாப் போகலை."

அவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆபீஸ் முழுக்க உங்களைக் கேலி பண்ணிச்சு. நானும் டைரக்டருக்கு உங்க பேரை எழுதப் போனேன். முதல் நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"சொல்லியிருந்தா, இந்த ஒன்பது நாளும் நீங்க தூங்கியிருக்க மாட்டீங்களேம்மா."