ராணி போனால் ராஜா தாண்டலாம்

இடது முழங்கால் மரத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது. வலது முழங்கால் மட்டும் உயிரோடு இருந்து அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

கழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு மணி நேரமாக அண்ணாந்த வாக்கிலேயே இருந்தது.

சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில் முதுகு போயிற்று. இப்போது அவனையே மூட்டையாகச் சுருட்டி ஒரு மர அலமாரிக்குள் திணித்திருந்தார்கள். கூடாரத்தில் அவனுக்குப் பெயரே ‘மூட்டை’தான்.

அலமாரிக்கு மேலே சதுரங்கப் பலகை. பலகைக்குப் பின்னால் தாடி வைத்த மரப்பொம்மை. தானாகவே யோசித்துத் தானாகவே காய் நகர்த்தும் பொம்மை என்று முதலாளி ஊர் ஊராகக் கூவிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

ஆட்டத்துக்கு முன் அலமாரிக் கதவுகளைத் திறந்து காட்டுவார். உள்ளே பல்சக்கரங்கள் மட்டுமே தெரியும். இடது கதவு திறக்கும்போது மூட்டை வலது பக்கம் நழுவுவான். வலது கதவு திறக்கும்போது இடது பக்கம்.

ஒரு தும்மல் வந்தால் போதும், கதை கந்தலாகிவிடும். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் சனங்கள் கூடாரத்தைக் கொளுத்துவார்கள். அதற்கும் முன்னால் முதலாளி அவனைக் கொளுத்துவார். மூன்று வேளைச் சாப்பாடு அன்றோடு சரி.

மேலே நடப்பதை அவன் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் நூலில் ஒரு சின்ன இரும்பு உருண்டை தொங்கும். காய்களின் அடியில் காந்தம். மேலே காயை எடுத்தால் உருண்டை விழும். வைத்தால் துள்ளிப் போய் ஒட்டிக்கொள்ளும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கைப்பிடியைத் திருகுவான். பொம்மையின் கை நகரும்.

இன்றைக்கு எதிரே உட்கார்ந்தது ஒரு பெண். முதலாளியின் குரல் திடீரென்று குழைந்ததிலிருந்தே தெரிந்துவிட்டது.

மூட்டைக்கு ஒரே குஷி. பத்து நடையில் சோலியை முடித்துவிட்டுக் காலை நீட்டலாம்.

முப்பது நடை ஆயிற்று. கால் மடங்கியேதான் கிடந்தது.

அந்த அம்மாளுக்கு அவசரமே இல்லை. அவன் பொறி வைத்த இடத்தையெல்லாம், கழுவி விட்ட தரையில் கால் படாமல் போகிறவள்போல் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

கடைசியில் ஒரு யானையைக் காவு கொடுத்து அவளுடைய ராணியைப் பிடித்தான். மேலே கூட்டம் உச்சுக்கொட்டியது. உள்ளே மூட்டை சத்தம் வராமல் சிரித்துக்கொண்டான்.

அவள் ராஜாவை எடுத்தாள். ஓர் உருண்டை விழுந்தது. இரண்டு கட்டம் முன்னால் போய், ஒரு கட்டம் பக்கத்தில், இன்னோர் உருண்டை துள்ளி ஒட்டிக்கொண்டது.

மூட்டை பதிலுக்கு ஒரு சிப்பாயைத் தள்ளினான்.

மேலே கூடாரமே அதிரும்படி சிரிப்பு.

“என்னம்மா, உங்க ராஜா குதிரையாட்டம் தாவுறாரு? எந்த ஊரு ஆட்டம் இது? நம்ம பொம்மையும் வாயைத் தொறக்காம ஒத்துக்கிச்சு பாருங்க! பொம்பளைன்னா மரத்துக்குக்கூட மனசு எளகுதுய்யா!” முதலாளி சமாளித்தார்.

எந்த ஊர் ஆட்டமும் இல்லை அது.

மூட்டையின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது.

ராணி போய்விட்டால், அந்தத் துக்கத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோல் தாண்டலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. ஒரு மழைநாளில், தோற்கப்போகிற நேரத்தில், ஒருத்தி தன் வசதிக்கு உண்டாக்கியது. அவள் புருஷன் முதல் நாள் கத்தினான். மறுநாள் முணுமுணுத்தான். பதினோரு வருஷத்தில் அவன் கைக்கே பழகிவிட்டது. உலகத்தில் ஒரு வீட்டில் மட்டும் செல்லுபடியாகும் விதி. இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அந்தப் புருஷன், துறைமுகத்தில் மேஸ்திரி வேலை கிடைத்திருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்து, அலமாரிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டாள்.

கதவைத் திறங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டான். மெழுகுவத்திகூடக் கொஞ்சம் அடங்கி எரிந்த மாதிரி இருந்தது.

பொம்மையின் காதருகே குனிந்திருப்பாள் போல. உள்ளே குடைந்திருந்த பொம்மையின் கழுத்து வழியாக அந்தக் குரல் நேரே அவன் உச்சந்தலையில் வந்து இறங்கியது.

“மேஸ்திரி ஐயா, கப்பலெல்லாம் சௌக்கியமா? பயப்படாதய்யா, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். ஆனா கணக்கு கணக்காவே இருக்கட்டும்.”

அப்புறம் அவள் தன் ராஜாவைப் பலகையில் படுக்கவைத்தாள். தோற்றதாக ஒப்புக்கொண்டாயிற்று. கூட்டம் கைதட்டியது.

மூட்டைக்கு வேறு வழி தெரியவில்லை. கழுத்துக் கம்பியைப் பிடித்து இழுத்தான். பொம்மை அவளைப் பார்த்து மெல்லத் தலை குனிந்தது. என்ன மரியாதை, என்ன மரியாதை என்று சனங்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

அவர்கள் வீட்டில் ஆட்டத்தில் தோற்றவர் முப்பது நாள் தண்ணீர் தூக்க வேண்டும். கடைசியாகத் தோற்றவன் நாலே நாள் தூக்கினான். ஐந்தாம் நாள் காலையில் அவனுக்குத் துறைமுக வேலை கிடைத்துவிட்டது.

தெருக்குழாயிலிருந்து மூன்றாம் மாடிக்கு, நாளுக்கு ஆறு வாளி, இருபத்தாறு நாள் பாக்கி.