கியர் இல்லாத கார்

"கியர் வண்டியே போடுங்க" என்றார் அச்சக முதலாளி.

"ஆட்டோமேட்டிக்கே எடுத்துடலாம் சார்" என்றார் பின்னால் நின்ற டிரைவர்.

ஷோரூமுக்குள் நுழைந்ததிலிருந்து இது நான்காவது முறை. விற்பனையாளர் பேனாவைத் திறந்தார், மறுபடியும் மூடினார்.

"கார் வாங்கறது நானா, நீங்களா?"

"நீங்கதான் சார். ஆனா இந்த டிராபிக்ல கிளட்சை மிதிச்சு மிதிச்சு..."

"மிதிக்கத்தானே சம்பளம்?"

விற்பனையாளர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாதோ என்று உடனே இருமினார்.

முதலாளியின் மனைவி சோபாவில் உட்கார்ந்து ஏதோ விளம்பரத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்று அவளிடம் திரும்பினார் முதலாளி. "ரெண்டு வருஷமா ஒழுங்காத்தான் ஓட்டிட்டிருந்தாரு. இப்போ ஒரு காலை மடக்கி வச்சுட்டு சொகுசா ஓட்டணுமாம். இன்னும் கொஞ்ச நாள் போனா தலையணை வாங்கிக் குடுங்கன்னு நிப்பாரு."

டிரைவரின் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார். அதுக்கப்புறம் நான் பேசவே மாட்டேன்."

"சரி, பாத்துடுவோம். அப்பவாவது இந்தத் தொணதொணப்பு நிக்கட்டும்."

ஷோரூமுக்குப் பின்னால் பெரிய காலி இடம். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. விற்பனையாளர் நீட்டிய சாவியை டிரைவர் வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்தார். ஏறவில்லை.

"வாங்க மேடம்" என்றார்.

மனைவி மெல்ல நடந்து வந்தாள்.

"அங்க எங்க போறே? பின்னாடி உக்காரு" என்றார் முதலாளி.

அவள் காதில் வாங்கவில்லை. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள்.

அந்த வீட்டில் முன்பெல்லாம் கார் ஓட்டியவள் அவள்தான். ஒரு விபத்தில் இடது காலில் வலு போய்விட்டது. கிளட்சை மிதிக்க முடியவில்லை. சாவியை மேஜையில் வைத்தவள், அதற்குப் பிறகு தொடவே இல்லை. டிரைவரே அதற்காகத்தான் வேலைக்கு வந்தார்.

கார் அலுங்காமல் நகர்ந்தது. கோடி வரை போனது. வளைந்து திரும்பியது. இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாகப் போய்ப் பிசகாமல் நின்றது.

முதலாளி ஓடினார். "எப்படி... எப்போ கத்துக்கிட்டே?"

"மூணு மாசமா. டிரைவர் அண்ணனோட சகலைகிட்ட ஒரு வண்டி இருக்கு, ஆட்டோமேட்டிக். வலது கால் மட்டும் போதும்."

"அப்போ பிசியோதெரபின்னு போனது?"

"அது அரை மணி நேரம். மிச்ச நேரம் இது. இந்தக் காலோட ஓட்டலாமான்னு போன வாரம் ஆர்டிஓ வச்ச டெஸ்ட்லயும் பாஸ் பண்ணிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? 'உனக்கு எதுக்கு இந்த வேலை, அதான் டிரைவர் இருக்காரே'ம்பீங்க."

அச்சு அசலாக அதைத்தான் முதலாளி சொல்லியிருப்பார்.

"நகருங்க, இன்னொரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்று சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாச்சு என்று அவருக்கு நினைவில்லை.

கார் கிளம்பியது. முதலாளியும் டிரைவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஆட்டோமேட்டிக்கே போடுங்க" என்று விற்பனையாளரிடம் சொல்லி அனுப்பினார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு டிரைவரிடம் கேட்டார்.

"அவளே ஓட்ட ஆரம்பிச்சுட்டா நம்ம வீட்ல உங்களுக்கு வேலையே இருக்காதே. அது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

டிரைவர் காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேடத்தை முதல் நாள் அந்த சீட்ல உக்கார வச்சப்பவே தோணுச்சு சார்."