முப்பதுக்குக் கீழே

கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்தேன். இருபத்தாறு டிகிரி.

காலையில் முப்பத்திரண்டு இருந்தது. செவிலிமேட்டில் விடியற்காலையிலிருந்து மழை. கரண்ட் போயிருக்கும், கண்ணாடிப் பெட்டியில் சூட்டு விளக்கு அணைந்திருக்கும்.

பெட்டியில் இருப்பது ராணி. ஆஸ்திரேலிய ஓணான், முறையாகப் பதிவு செய்து வாங்கியது. மூன்று நாளாக அதற்கு நுரையீரலில் சளி. சூடு முப்பதுக்குக் கீழே போனால் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார்.

அந்தச் சூட்டை ஒரகடத்தில் வேலை செய்துகொண்டே பார்க்கத்தான் நானே ஒரு கருவி செய்திருந்தேன். தீப்பெட்டி அளவு சர்க்யூட், ஒரு சென்சார், பழைய இன்டர்நெட் டாங்கிள், பவர் பேங்க். கரண்ட் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனுக்கு அளவை அனுப்பும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் வீட்டில் கீச்கீச்சென்று கத்தும்.

செய்த முதல் வாரமே மானம் போனது. சென்சார் வயர்களை வீட்டில் கிடந்த சரிகை நூலால் கட்டியிருந்தேன். அசல் வெள்ளிச் சரிகை. கரண்ட் அதிலும் பாய்ந்து, கருவி திடீரென்று பூஜ்யம் காட்டியது. பாதி ஷிப்டில் பதறியடித்து ஓடினேன். ராணி நிம்மதியாக வெட்டுக்கிளி தின்றுகொண்டிருந்தது.

காஞ்சிபுரத்துக்காரனைத் தவிர எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை ஓடினால் அப்படியே போய்விடு என்றார்.

இப்போது வீட்டில் அப்பா மட்டும்தான். ராணியைக் கண்டாலே அவருக்கு அருவருப்பு. வேறு வழியில்லாமல் போன் போட்டு, ராணியைச் சென்சாரோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். உடம்புச் சூடு போதும் என்று கெஞ்சினேன்.

"காலையிலேருந்து எனக்கே நெஞ்சு எரிஞ்சிக்கினு இருக்குது. இதுல உன் ஓணான வேற கட்டிக்கினு அழணுமா? போன வைடா."

வைத்துவிட்டார்.

அடுத்த செய்தியில் இருபத்தொன்பது. அதற்கடுத்து முப்பத்திரண்டு. பிறகு முப்பத்து நாலு. அங்கேயே நின்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சத்யராஜிடம் போனைக் காட்டி, இது எங்கப்பா என்று பெருமையடித்தேன்.

மூன்று மணி டீக்கு வந்தபோது முப்பத்து மூன்று. நாலரைக்கு முப்பத்தொன்று. அப்பாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மறுபடியும் வயர் கோளாறுதான் என்று நினைத்தேன். ஒருமுறை பட்டது போதும், ஷிப்ட் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது இருபத்தெட்டு. வயர் கோளாறு என்றால் சட்டென்று விழும், இப்படி நிதானமாக இறங்காது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அருவருப்புத் தாங்காமல் ராணியை இறக்கிவிட்டிருக்கிறார். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ள முடியாதா இந்த மனுஷனுக்கு? வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வாசலில் பக்கத்து வீட்டு மரியம்மாள் அக்கா குடையோடு நின்றிருந்தார்.

"ஒரு மணி நேரமா உள்ள என்னமோ கத்திக்கினே இருக்குதுபா. அண்ணன் தூங்கறாரு போலன்னு நெனச்சேன்."

கதவைத் தள்ளினேன். கருவி கத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டி காலி.

அப்பா பிளாஸ்டிக் சேரில் சாய்ந்திருந்தார். அவர் சட்டைக் காலரிலிருந்து வயர் தொங்கியது.

அவர் ராணியை இறக்கிவிடவே இல்லை.

சட்டைப் பொத்தான்களின் நடுவிலிருந்து ராணி தலையை நீட்டி, என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது. அது விழுந்துவிடாதபடி வயிற்றுக்குக் கீழே இரண்டு கைகளையும் கோத்து வைத்திருந்தார் அப்பா.

அந்தக் கைகளைத் தொட்டேன். சில்லென்று இருந்தன.

மூன்று மணிக்கே நான் புறப்பட்டிருக்கலாம்.