மாமனார் தேர்ந்தெடுத்த மாடல்

பழைய கார்களை அக்குவேறு ஆணிவேறாக அலசி வீடியோ போடுவதுதான் மாப்பிள்ளையின் தொழில். கார் வாங்க மாமனார் தன்னையே துணைக்கு அழைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே பிரிட்டிஷ் சொகுசு காரின் அடுத்தடுத்து வந்த மூன்று மாடல்கள் பழைய கார் ஷோரூமில் வரிசையாக நின்றன.

"மாமா, இந்த முதல் மாடல் பார்க்கத்தான் ராஜா. ரெண்டு மணி நேரம் சும்மா நிறுத்தினாலே பேட்டரி படுத்துடும்."

"ஐயையோ! ரிப்பேர் பண்ணணும்னா?"

"பார்ட்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா!" மாமனார் வாயைப் பிளந்தார்.

"ரெண்டாவது மாடல்ல பேட்டரியைச் சரி பண்ணிட்டாங்க. சென்சார்தான் அப்பப்ப மக்கர் பண்ணும். மூணாவது மாடல் தங்கம்! பட்டனைத் தொட்டா கிளம்பிடும். சீக்கிரம் முடிவு பண்ணுங்க மாமா, எனக்கு வேலை இருக்கு."

மாமனார் நேராகப் போய் முதல் மாடலுக்குப் பணம் கட்டினார்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியது சுவரிடமா?

திரும்பி வந்த மாமனார், சாவியை அவர் கையில் வைத்தார்.

"பிடிங்க மாப்பிள்ளை. உங்க ரெண்டு பேருக்கும் என்னோட பரிசு."

"எங்களுக்கா? அப்போ மூணாவது மாடலையே வாங்கியிருக்கலாமே மாமா!"

"நல்லா இருக்கே! எப்ப வந்தாலும் சாப்பிட்ட கை காயறதுக்குள்ள என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடறீங்க. இதுல வந்தா, பார்ட்ஸ் வர்ற வரைக்குமாவது எங்களோட இருப்பீங்கல்ல?"